ரெங்கத்திலிருந்து போய்ப் படித்த புத்தாக்க முதுகலை: கட்டிய காசுக்கு என்ன கிடைத்தது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ராத்திரி ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பஸ் ஏறி, நாலு மணி நேரம் தூங்கியும் தூங்காமலும் போய், சனியும் ஞாயிறும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, திங்கள் காலை ஏழு மணிக்கு ஆலையில் வந்து நிற்பது என்று இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் படிப்பு முடிந்தது. புத்தாக்கம் பற்றிய பல்துறை முதுகலை. இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் "எம்.பி.ஏ. மாதிரியா?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் இதை விளக்கமாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அது போதும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஊர் குளுவாங் மாவட்டத்து ரெங்கம். ஸ்டேஷன், கொஞ்சம் கடைகள், அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் தோட்டம், அந்தக் காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. ஒரு செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று நாள் முழுக்கச் சோதித்து எழுதுவதுதான் என் வேலை. கையில் இருந்தது டிப்ளோமா மட்டும். இளங்கலை கிடையாது.

இளங்கலை இல்லாமல் முதுகலை எப்படி என்று கேட்பீர்கள். உயர்கல்விக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் ஏபெல் வழி இருக்கிறது. வேலை அனுபவத்தையும் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முதுகலைக்கு நான் விண்ணப்பித்தபோது 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா இருக்க வேண்டும், அந்தத் துறையில் செய்த வேலையைக் கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும், தேர்வும் எழுத வேண்டும் என்று நிபந்தனை. அந்தக் கோப்பைத் தயாரிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பன்னிரண்டு வருடமாக என்னென்ன செய்திருக்கிறேன் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தது அதுதான் முதல் முறை. படிப்பு தொடங்கும் முன்பே அதில் ஒரு தெளிவு வந்துவிட்டது. நம் தோட்டப்புறங்களில் டிப்ளோமாவோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வழி தெரியும்? தயவுசெய்து விசாரியுங்கள்.

காசு விஷயம். கட்டணம் மொத்தம் 30,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பாதியை ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தேன், அதன் உட்கணக்குகளில் ஒன்றான செஜாத்ரா கணக்கில் இருக்கும் பணத்தைச் சொந்தப் படிப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் எடுக்கலாம். மீதி என் சேமிப்பு. முதுகலை என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் வருடத்துக்கு 7,000 வெள்ளி வரை வரிக் கழிவு கேட்கலாம் என்பதால் இரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பஸ், தங்குமிடம், சாப்பாடு என்று தனியாக ஒரு தொகை போகும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கிள்ளானில் சின்னம்மா வீடு இருந்ததால் தப்பித்தேன்.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதல் பருவத்தில் கொடுத்த முதல் வேலையே என்னைப் பிடித்துக்கொண்டது. அவரவர் ஊரில் நடந்த ஒரு புத்தாக்கத்தைப் பற்றி எழுதிவர வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் கைப்பேசிச் செயலி, மின்பணம், எல்.ஆர்.டி. என்று ஆரம்பித்துவிட்டார்கள். ரெங்கத்தில் என்ன புத்தாக்கம் நடந்தது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "நீங்க தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துல புதுசா ஏதாவது வந்துச்சா பாட்டி?" பாட்டி யோசிக்கவே இல்லை. "வண்டு வந்துச்சும்மா. அதோட எங்க பொடி அடிக்கிற வேலை போச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பாட்டி விளக்கினார். அந்தக் காலத்தில் செம்பனையில் பெண் பூ தானாகச் சரியாகக் காய் பிடிக்காது. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, முகத்துக்குப் போடுகிற மாதிரியான பவுடரோடு கலந்து, ஒரு கருவியில் போட்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். பூ விரிந்திருக்கும் அந்தச் சில நாளைக்குள் ஊதியாக வேண்டும், அதனால் வாரத்தில் பல தடவை அதே வரிசைகளைச் சுற்றிவர வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, பொடியை வாங்கிக்கொண்டு, கூட்டமாகப் பேசிக்கொண்டே போவார்களாம். நிழலில் வேலை, முதுகில் சுமை இல்லை. பாட்டிக்கு அது பிடித்த வேலை.

நூலகத்தில் தேடியபோது மிச்சக் கதையும் கிடைத்தது. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி முன்பு கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் பொடி ஊதாமலேயே குலைகள் நிறையக் காய்த்ததைப் பார்த்தவர். இங்கே வந்தால் ஊத வேண்டியிருக்கிறது. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஏதோ பூச்சி இந்த வேலையைச் செய்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். சோம்பு மாதிரி வாசம் வீசும் ஆண் பூவில் வாழ்ந்து, அதே வாசத்தை நம்பிப் பெண் பூவுக்கும் போய்வரும், அரிசியை விடச் சின்ன வண்டு ஒன்றுதான் காரணம் என்று நிறுவினார். வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்து, நோய்க்கிருமி ஏதும் ஒட்டிக்கொண்டு வராதபடி பார்த்து, அரசாங்க அனுமதி வாங்கி, 1981 பிப்ரவரியில் முதன்முதலாக அந்த வண்டை வெளியில் விட்டார்கள். எங்கே? குளுவாங்கில், பாமோல் தோட்டத்தில். எங்கள் மாவட்டத்தில்! கொஞ்ச காலத்திலேயே வண்டு நாடு முழுக்கப் பரவிவிட்டது, பொடி ஊதும் வேலை இல்லாமல் போனது. உலகச் செம்பனைத் தொழிலையே மாற்றிய ஒரு விஷயம் நான் வேலைக்குப் போகிற தூரத்தில் நடந்திருக்கிறது, அது எனக்கு 34 வயது வரை தெரியாது. எங்கள் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. ஆலையில்கூட யாரும் சொன்னதில்லை, ஆனால் வண்டு வந்த பிறகு குலையில் காய் நெருக்கமாகப் பிடித்துக் கொட்டையின் பங்கு கூடி, ஆலைகள் கொட்டைப் பகுதியையே பெரிதாக்க வேண்டிவந்தது என்பதைத் தெரிந்துகொண்டதும் எங்கள் பழைய இயந்திரங்களின் ஏற்பாடு எனக்குப் புதிதாக விளங்கியது.

இதை வகுப்பில் பேசினேன். இங்கேதான் பல்துறை என்பதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த பொறியாளர், ஒரு இயந்திரம்கூட இல்லாமல், ஒரு தடவை விட்டால் தானே பெருகிக்கொள்ளும் தீர்வு என்று அசந்துபோனார். வங்கியில் வேலை செய்பவர் கூலி எவ்வளவு மிச்சமானது என்று கணக்குப் போட ஆரம்பித்தார். ஓவியம், வடிவமைப்புப் படித்த மலாய்க்காரத் தோழி, காற்றுதான் காரணம் என்று அத்தனை வருடம் ஏன் எல்லாரும் நம்பினார்கள் என்று கேட்டார், அது நல்ல கேள்வி. கடைசியில் அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "அந்தப் பெண்கள் அப்புறம் என்ன வேலைக்குப் போனார்கள்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தும் நான் எழுதியிருக்கவில்லை. பாட்டி மருந்து அடிக்கப் போனார். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி அடிக்கும் வேலை. நகம் கறுத்துப்போன, கண் எரிச்சலோடு வீடு வந்த கதைகளை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், ஆனால் வண்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை. விரிவுரையாளர் அதையும் சேர்த்துத் திரும்ப எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் மதிப்பெண் படிவத்தில் புதுமைக்கு இத்தனை, பொருளாதாரப் பயனுக்கு இத்தனை, பெரிய அளவில் விரிவாக்க முடியுமா என்பதற்கு இத்தனை என்று இருந்ததே தவிர, யாருக்கு இழப்பு என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அந்தப் பகுதிக்கு எனக்கு மதிப்பெண் விழவில்லை. மதிப்பெண் போனது பெரிதில்லை. புத்தாக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் இடத்திலேயே அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இந்தப் படிப்பில் எனக்குள்ள பெரிய குறை இது. பொருளியல் அறிஞர் ஷும்பீட்டர் 1942ல் சொன்ன, புதியது பழையதை அழித்துக்கொண்டே வரும் என்ற கருத்தை இரண்டு வகுப்புகளில் நடத்தினார்கள். புதியது எப்படி வருகிறது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், அழிவது யாருடைய பிழைப்பு என்று கேட்க நர்ஸ் அக்காதான் வேண்டியிருந்தது.

இன்னொரு நல்ல விஷயம், புதியவை மக்களிடம் எப்படிப் பரவுகின்றன என்று சொல்லும் அமெரிக்க அறிஞர் ரோஜர்ஸின் பரவல் கோட்பாடு. புதியது ஒன்று வந்தால் முதலில் 2.5 விழுக்காட்டினர் துணிந்து எடுப்பார்கள், அடுத்து 13.5, அப்புறம் 34, 34, கடைசி 16 என்று ஐந்து கூட்டமாகப் பிரிக்கிறது அது. அமெரிக்காவின் ஐயோவா மாநில விவசாயிகள் ஒட்டுச் சோளத்தை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று 1943ல் வந்த ஆய்விலிருந்து வளர்ந்த சிந்தனை. கேட்கும்போது எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள் ஞாபகம்தான் வந்தது. மூங்கில் கழியிலிருந்து அலுமினியக் கழிக்கு எல்லாரும் சீக்கிரம் மாறிவிட்டார்கள். மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய கன்தாஸ் என்ற மோட்டார் வெட்டுக் கருவிக்கு அப்படி எல்லாரும் மாறவில்லை. கையில் அதிர்வு, எடை, ரொம்ப உயரமான மரத்துக்கு எட்டாது, கெட்டுப்போனால் அன்றைய கூலி போச்சு. வெட்டிய எடைக்குக் கூலி வாங்குபவர் எதை நம்பி மாறுவார்? அவரைக் கடைசி 16 விழுக்காட்டில் போட்டுப் பின்தங்கியவர் என்று பெயர் வைப்பது நியாயமில்லை என்று எழுதினேன். இந்தத் தடவை முழு மதிப்பெண்.

காப்புரிமைப் பாடம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த பாடம், ஆனால் ஊரில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய பாடம் அதுதான். காப்புரிமை 20 வருடம் என்று தெரியும். அதைவிட எளிய ஒன்று நம் நாட்டில் இருக்கிறது, 1983 காப்புரிமைச் சட்டத்திலேயே பயன்பாட்டுப் புத்தாக்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முதலில் 10 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாக இரண்டு தடவை நீட்டிக்கலாம். சின்னச் சின்னக் கருவி மேம்பாட்டுக்கு ஏற்றது. எங்கள் ஆலையில் பிட்டர் அண்ணன் ஒருவர், குலை சிக்கிக்கொண்டால் கையை உள்ளே விடாமல் இழுத்தெடுக்க ஒரு கொக்கி செய்திருக்கிறார், அருமையான வேலை. பாடம் கேட்ட திங்கட்கிழமையே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மூணு வருஷத்துக்கு முன்னாடியே பக்கத்து ஆலைக்காரங்க வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார். வெளியில் காட்டிவிட்டால் விண்ணப்பிக்க ஒரு வருடம்தான் அவகாசம். வேலை நேரத்தில் கம்பெனிப் பொருளை வைத்துச் செய்ததற்கு உரிமை முதலாளிக்கா தொழிலாளிக்கா என்பது வேறு கேள்வி, அதற்கும் சட்டத்தில் விதி இருக்கிறது. இது எதுவும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பட்டறைக்காரர், பிட்டர், வெல்டர் யாராவது இருந்தால் இந்த ஒரு வருடக் கணக்கை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

இறுதித் திட்டம்தான் இந்தப் படிப்பின் உயிர். நான் எடுத்துக்கொண்டது ஆலை வாசலில் லாரிகள் காத்திருக்கும் பிரச்சினை. குலையை வெட்டிய நொடியிலிருந்து பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கிக்கொண்டே இருக்கும், அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. நீராவியில் வேகவைத்தால்தான் நிற்கும். கச்சா எண்ணெயில் அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் அடி. மழைக்காலத்தில் லாரிகள் ஒரே நேரத்தில் வந்து வரிசை கட்டும். நேற்று வெட்டியது முன்னால் நிற்கும், மூன்று நாளைக்கு முன் வெட்டியது பின்னால் நிற்கும், அல்லது நேர்மாறாக. வந்த வரிசைப்படிதான் உள்ளே விடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அமிலத்தை அளந்து எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த வரிசையை மாற்றலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பொறியாளர் இன்னொரு எடைமேடை கட்டலாம் என்றார், அதற்குக் காசு யார் கொடுப்பார்கள்? நர்ஸ் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார், "எங்கள் அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படியா உள்ளே விடுகிறோம்?" சிவப்பு, மஞ்சள், பச்சை. யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில். அப்படியே லாரிக்கும் செய்யலாமே?

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்ய ஆறு மாதம் ஆனது. எந்தப் பழத்துக்கு முன்னுரிமை என்பதே முதல் விவாதம். இன்னும் நல்ல நிலையில் இருப்பதை முதலில் காப்பாற்றுவதா, கெட்டுக்கொண்டிருப்பதை முதலில் முடிப்பதா? மருத்துவமனை வழக்கத்தை அப்படியே தூக்கிப் போட முடியாது என்று அங்கேதான் கற்றோம். அடுத்து, வெட்டிய தேதியை எழுதச் சொன்னால் வெட்டுபவர்களை மேய்க்கும் மண்டோருக்குத் தயக்கம், குலை காட்டில் தங்கிப்போனது மேலே தெரிந்துவிடும் இல்லையா. லாரி ஓட்டுநர்களோ நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர்கள். "எங்களைக் காக்க வெச்சா எங்க நடையை யாரு தர்றது?" என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் பாட்டியின் பம்புதான் கண்ணில் வந்தது. அதனால் திட்டத்தையே மாற்றினோம். பின்னால் அனுப்பப்படும் லாரிக்குக் காத்திருப்புப் பணம் உண்டு என்பதை முதலில் நிர்வாகத்திடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அப்புறம்தான் முன்னுரிமையைக் காட்டும் வண்ணத் துணியை லாரிகளில் கட்டினோம். நர்ஸ் அக்கா கிள்ளானிலிருந்து இரண்டு தடவை ஆலைக்கே வந்து, வாசலில் நின்று ஓட்டுநர்களோடு பேசினார். இப்போதும் அந்தத் துணிகள் கட்டப்படுகின்றன, இந்த மழைக்காலம் முடிந்தால்தான் அமிலக் கணக்கில் உறுதியாகச் சொல்ல முடியும். வகுப்பில் தனியாக உட்கார்ந்து வேதியியல் மட்டும் படித்திருந்தால் இது எனக்கு வந்திருக்காது.

குறைகள் இன்னும் இருக்கின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன, விவசாயம், தோட்டம், மீன்பிடி எல்லாம் ஓரத்தில். குழுவேலையில் சிலர் உழைப்பார்கள், சிலர் பேர் மட்டும் போடுவார்கள், அதைக் கவனிக்க ஏற்பாடு இல்லை. என் மேற்பார்வையாளர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டார், புதியவர் வர ஏழு வாரம் ஆனது, அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஏழு வாரம் என்றால் ஒரு பருவமே ஆட்டம் காணும். ஒரு சனிக்கிழமை வகுப்பை வெள்ளி ராத்திரி பதினொரு மணிக்கு ரத்து செய்தார்கள், நான் அப்போது பஸ்ஸில் ஆயர் ஈத்தாமைத் தாண்டிவிட்டேன். நிதிக்கணக்குப் பாடம் மூன்று வார இறுதிக்குள் அவசரமாக ஓடியது, இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

யாருக்கு இது சரிவரும்? கையில் சொந்தமாக ஒரு பிரச்சினை இருப்பவருக்கு. பள்ளி, மருத்துவமனை, பட்டறை, கோயில் நிர்வாகம், ஆலை, எதுவாகவும் இருக்கட்டும், உங்களை உறுத்துகிற ஒன்று இருந்தால் இந்தப் படிப்பு அதற்குப் பத்துக் கண்களைக் கொடுக்கும். இளங்கலை முடித்த கையோடு வந்த சில தம்பி தங்கைகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் எதை வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் செயலி ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சம்பள உயர்வுக்காக மட்டும் என்றால் வேறு படிப்பைப் பாருங்கள், எனக்கு இதுவரை ஒரு வெள்ளிகூட உயரவில்லை. சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, வகுப்பில் என்னென்ன துறைக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள் (எல்லாரும் வணிகம் என்றால் பல்துறை என்பது பெயருக்குத்தான்), இறுதித் திட்டத்தை உங்கள் வேலை இடத்திலேயே செய்ய விடுவார்களா. மூன்றாவதற்கு இல்லை என்று சொன்னால் கட்டணம் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது மின்னஞ்சலுக்காகவோ பஸ்ஸுக்காகவோ இல்லை, மதிப்பெண் படிவத்தில் இல்லாத அந்தக் கட்டத்துக்காக. முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள், அதில் பாட்டியின் கதையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏபெல் கோப்பு எப்படித் தயாரிப்பது என்று தெரியாதவர்கள் சுற்றுவட்டாரத்தில் யாராக இருந்தாலும், லாயாங் லாயாங், சிம்பாங் ரெங்கம், பாலோ எதுவானாலும் சரி, கேளுங்கள், என்னுடையதைக் காட்டுகிறேன். இனிமேல் சனிக்கிழமைகளில் ஊரில்தான் இருப்பேன்.